‘மக்கு’ என்று பெயர் சூட்டாதீர்! படிப்பு ஏறாத பிள்ளையும் நம் லயத்தாரின் கடமையும்

உடல்நலப் பகுதி



சென்ற இதழில் இனிப்புநீரைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்காத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். இதற்கு மருந்து என் அலமாரியிலே கிடையாது. பாதி மருந்து பள்ளிக்கூடத்திலே இருக்கிறது. மீதிப் பாதி நம்முடைய லயத்திலே இருக்கிறது.

காய்ச்சல், இருமல் என்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்கள் சிலர், மருந்தை வாங்கிய பிறகும் எழுந்து போவதில்லை. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். “ஐயா, பெரியவனுக்கு மூணாம் வகுப்பு. இன்னும் தன் பேரை ஒழுங்கா எழுத வரலைங்க. நல்லாத்தான் பேசுறான். கடைக்கு அனுப்பினா மிச்சக் காசைச் சரியா வாங்கிட்டு வர்றான். புஸ்தகத்தைத் தொறந்தா மட்டும் முழிக்கிறான். மூளைக்கு ஏதாச்சும் டானிக் இருந்தா குடுங்களேன்.”

மூளைக்கு டானிக் கிடையாது. ஞாபக சக்தி மாத்திரை என்று கடையிலே விற்பதை வாங்கிக் காசைத் தொலைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய செய்தி நிறைய இருக்கிறது. அவருடைய அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியது அதைவிட நிறைய இருக்கிறது.

இது என்ன கோளாறு?

ஒரு பிள்ளை பத்து மாதத்தில் நடக்கும், இன்னொன்று பதினைந்து மாதம் எடுத்துக்கொள்ளும். படிப்பும் அப்படித்தான். ஆனால் சில பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ளும் வழியே வேறாக அமைந்துவிடுகிறது. ‘நாள் போனால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிட்டால் சரியாவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கடிதங்களில் இதை ‘மஸாலாஹ் பெம்பெலாஜாரான்’ என்று எழுதியிருப்பார்கள். கற்றலில் சிக்கல் என்று பொருள். அதற்குள்ளே பல வகை உண்டு.

முதல் வகை டிஸ்லெக்சியா. பிள்ளையின் அறிவிலே குறைவில்லை. கண்ணும் எழுத்தைப் பார்க்கிறது. எழுத்தையும் அதன் ஒலியையும் முடிச்சுப் போடுகிற வேலைதான் மூளையிலே சிரமப்பட்டு நடக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அப்படியென்றால் 20 பிள்ளைகள் உள்ள வகுப்பிலே ஒருவராவது இருவராவது இருக்கக்கூடும். கணக்கில் மட்டும் இப்படித் தடுமாறுகிற பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவது, ஏ.டி.எச்.டி. என்பது. ஓரிடத்தில் உட்கார முடியாது, ஒரு வேலையை முடிக்க முடியாது, கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடும். இதைத்தான் நாம் ‘வாலு’ என்கிறோம். சத்தமே போடாமல் கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் இது இருக்கலாம். பெண் பிள்ளைகளிடம் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

மூன்றாவது, ஆட்டிசம். பேச்சும் பழக்கமும் வேறாக இருக்கும். நான்காவது, எல்லா வளர்ச்சியுமே மெதுவாக வருவது. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள் இதில் சேர்வார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு வகை சேர்ந்து இருப்பதும் உண்டு.

யார் செய்த பாவம்?

“கிரகணத்திலே வெளியே போனாள், அதான்.” “குலசாமி குத்தம்.” “அப்பன் வழி தோஷம்.” இப்படித்தான் நம்மவர்கள் பேசுகிறார்கள். உண்மை அதுவல்ல.

1896ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சீஃபர்ட் என்ற ஊரில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ ஏட்டிலே எழுதினார். பையன் கெட்டிக்காரன், விளையாட்டிலே சுறுசுறுப்பு, கணக்கும் வரும். பல வருடம் சொல்லிக் கொடுத்தும் சொற்களைப் படிக்க மட்டும் முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். எல்லாப் பாடத்தையும் வாயாலேயே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நம் தோட்டத்துத் தாய் கேட்கிற கேள்வியும் அந்த ஆசிரியர் சொன்னதும் ஒன்றுதான். நூற்றுமுப்பது ஆண்டுகளாக மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம் இது. நம் லயத்துக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

டிஸ்லெக்சியா பெரும்பாலும் குடும்ப வழியாக வருகிறது. ‘படிப்பு ஏறலை’ என்று மூன்றாம் வகுப்போடு நின்று காட்டு வேலைக்கு வந்த அப்பாவுக்கும் இதுவே இருந்திருக்கலாம். அவரைச் சின்ன வயதிலே மக்கு என்று அடித்தார்கள். இன்று அவர் தன் மகனை அதே சொல்லால் அடிக்கிறார். இந்தச் சங்கிலியை எங்கேயாவது அறுக்க வேண்டாமா?

டவுன் சின்ட்ரோமுக்குக் காரணம் 1959இலேயே தெரிந்துவிட்டது. உடம்பின் அணுக்களில் 46 குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் 47 இருக்கிறது. அதற்கு மருமகள் என்ன செய்வாள்?

தடுப்பூசி போட்டதால் ஆட்டிசம் வந்தது என்றும் சிலர் போனிலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 1998இல் லண்டன் மருத்துவ ஏடு ஒன்றில் வந்த கட்டுரையிலிருந்து கிளம்பிய புரளி அது. பிழையான கட்டுரை என்று 2010இல் அந்த ஏடே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பயந்து ஊசியை நிறுத்தினால் அம்மை வந்து பிள்ளைக்கு மூளைக் காய்ச்சலும் வரலாம்.

தடுக்கக்கூடியவையும் சில உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது மது அறவே கூடாது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் ஏறினால் வெயில் காட்டிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காமல் உடனே கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும். மஞ்சள் மிஞ்சினால் மூளையையும் காதையும் கெடுத்துவிடும்.

கோயிலுக்கு நேர்த்திக்கடன் வையுங்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மாரியம்மன் முகத்தைப் பார்த்தால் தாய்க்குத் தெம்பு வருகிறது. ஆனால் கோழி, கயிறு, தகடு என்று நூற்றுக்கணக்கில் வெள்ளியைச் செலவழித்துவிட்டு, இலவசமாகப் பார்க்கக்கூடிய சோதனைக்குப் போகாமல் இருப்பது நியாயமா?

முதலில் கண், காது, இரத்தம்

படிப்பு வராத பிள்ளையை முதலில் ஆஸ்பத்திரி உதவியாளரிடம் கொண்டுவாருங்கள். நாங்கள் பார்க்கக்கூடியவை சில உண்டு.

கண்: கரும்பலகையிலே எழுதுவது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் மக்கு என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் காட்டி ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

காது: அடிக்கடி சீழ் வடிகிற காது சரியாகக் கேட்பதில்லை. ‘கூப்பிட்டா திரும்பறதே இல்லை, திமிர்’ என்று சொல்லுமுன் காதைப் பாருங்கள்.

இரத்தம்: சோகை பிடித்த பிள்ளை வகுப்பிலே தூங்கி வழியும். வயிற்றுப் பூச்சியும் இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைக் கெடுக்கும்.

வலிப்பு: கீழே விழுந்து துடிப்பது மட்டும் வலிப்பு என்று நினைக்காதீர்கள். பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை சில விநாடி அப்படியே வெறித்துப் பார்த்து நின்றுவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காதது போல் தொடர்ந்தால், அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் படிப்பு வரவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

எந்த வயதில் எதைக் கவனிப்பது?

ஒரு வயதில்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல் இருப்பது.

இரண்டு வயதில்: ‘அம்மா வா’, ‘பால் குடு’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாமல் இருப்பது. முன்பு பேசிய சொற்களை விட்டுவிட்டால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

நான்கு, ஐந்து வயதில்: சின்னப் பாட்டை மனத்தில் வைக்க முடியாமல் இருப்பது, தெரிந்த பொருளுக்கே பெயர் வாயில் வராமல் திணறுவது, செருப்பைக் கால் மாற்றிப் போடுவது நீண்ட நாள் தொடர்வது.

ஏழு வயதுக்கு மேல்: ஓர் எழுத்தை இன்று சொல்லிவிட்டு நாளை மறப்பது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வது, எழுதச் சொன்னால் வயிற்றுவலி வருவது.

இவற்றில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். பல அறிகுறிகள் சேர்ந்து மாதக் கணக்கில் நீடித்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்ப் பள்ளியில் முதல் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி. தமிழில் எழுத்துகளின் எண்ணிக்கை 247. ல, ள, ழ என்றும் ர, ற என்றும் ந, ன, ண என்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பவை பல. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் குறி. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை இந்த இடத்திலேதான் சறுக்கி விழுகிறது. மலாய் மொழியில் எழுதியபடியே ஒலிப்பதால் அதே பிள்ளை ‘பா, பி, பு’ என்று கொஞ்சம் சுலபமாகப் படிக்கலாம். ஆங்கிலத்தில் மறுபடியும் தடுமாறும். ‘மலாய் படிக்கிறான், தமிழ் படிக்கமாட்டேங்கிறான், கொழுப்பு’ என்று அடிக்காதீர்கள்.

‘அடி உதவுகிறாப் போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்ற பழமொழியை இந்தப் பிள்ளைகளிடம் காட்டவே கூடாது. கால் ஒடிந்தவனை அடித்தால் ஓடிவிடுவானா? அடித்தால் பயம் வரும், பொய் வரும், பள்ளிக்குப் போகாமல் செம்பனைக் காட்டுக்குள் ஒளிந்துகொள்வது வரும். படிப்பு வராது.

குடும்பம் படும் பாடு

விடியற்காலை பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்குமுன் சோறு ஆக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். மத்தியானம் திரும்பி வந்தால் பள்ளியிலிருந்து கடிதம். ‘நாளை வந்து பார்க்கவும்.’ போனால் ஒரு நாள் வேலை போகும். போகாவிட்டால் ‘அக்கறை இல்லாத பெற்றோர்’ என்று பெயர்.

அரசாங்க ஆஸ்பத்திரியிலே சோதனைக்குத் தேதி கொடுப்பார்கள். அது ஒரு தடவையோடு முடிவதில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பஸ் வசதி சரியில்லாத இடங்கள் இன்னும் எத்தனையோ. வாடகைக் காருக்குக் காசு வேண்டும். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டு தடவை போய்விட்டு மூன்றாம் தடவை விட்டுவிடுகிறார்கள். காரணம் அலட்சியமல்ல, கைச் சலிப்பு.

இதற்கும் மேலே ஊர் வாய். தண்ணிக் குழாயடியிலே, கோயில் வாசலிலே, கல்யாண வீட்டிலே, ‘உங்க பையன் இன்னும் அப்படியேதான் இருக்கானா?’ என்று கேட்கும் கேள்வி. அதைக் கேட்கப் பயந்து திருவிழாவுக்கே வராத தாய்மார்களை எனக்குத் தெரியும். ஓ.கே.யு. கார்டு எடுத்தால் தங்கச்சிக்கு வரன் அமையாது என்று தாத்தா தடுத்துவிட்டதால், கையெழுத்தான பாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய குடும்பமும் எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய வகுப்பு போயிற்று, உதவித்தொகை போயிற்று. யாருடைய வாய்க்குப் பயந்து? நம்முடைய வாய்க்குத்தான்.

இந்தப் பிள்ளைகள் இப்போது இன்னும் சுலபமாகக் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்கள். யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தச் சோதனை இருந்தபோது ஆறாம் ஆண்டிலாவது விஷயம் வெளியே வந்தது. இப்போது படிக்கத் தெரியாத பிள்ளை சத்தமில்லாமல் இடைநிலைப் பள்ளி வரை போய்விடலாம். அங்கே போய் வெட்கப்பட்டு நின்றுவிட்டால், பிறகு அவனைத் தேடி யார் வருவார்?

லயத்தார் என்ன செய்யலாம்?

முன்பு போல் ஒரு தோட்டத்தில் நூறு, இருநூறு குடும்பம் இன்று இல்லை. பக்கத்து லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம். மிச்சமிருக்கும் நம் குடும்பங்கள் சிலவே என்றால், ஒருவரையொருவர் தாங்குவது முன்னைவிட அவசியமாகிறது. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

1. பக்கத்து வீட்டார்: ஆஸ்பத்திரி நாளன்று மற்றப் பிள்ளைகளுக்கு ஒருவேளை சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘நீ போயிட்டு வா, நான் பார்த்துக்கிறேன்’ என்ற ஒரு வார்த்தை போதும், அந்தத் தாய் மூன்றாம் தடவையும் போவாள். மோட்டாரும் காரும் உள்ளவர்கள் டவுன் வரை ஏற்றிவிடலாம்.

2. மலாய் படித்த இளைஞர்கள்: பாரம் நிரப்புவதும் கவுண்டரிலே பேசுவதும்தான் பல பெற்றோருக்குப் பெரிய மலை. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை ஒருவர் கூடப் போனால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

3. ஆயாக் கொட்டகை: எந்தக் குழந்தை பேசவில்லை, எந்தக் குழந்தை மற்றவர்களோடு சேரவில்லை என்பது பெற்ற தாய்க்கு முன்பே ஆயாவுக்குத் தெரியும். பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கிறவர் அவர்தானே. ஆயாமார்கள் அதைக் குறையாகப் பேசாமல், தாயைத் தனியாக அழைத்துச் சொல்லி, எங்களிடம் அனுப்பிவைக்க வேண்டும்.

4. மண்டோர்மார்கள்: ஆஸ்பத்திரித் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான். அந்த நாளை வருட விடுப்பில் எழுதிக் கொடுங்கள். தொழிலாளிகளும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்குள் 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் என்று வேலைச் சட்டம் குறைந்தபட்ச வருட விடுப்பை வகுத்திருக்கிறது. நோய் விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளைக்கு என்று அதைக் கேட்க முடியாது.

5. கோயில் தலைவர்கள், இளைஞர் மன்றத்தினர்: எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் ஐந்து பேர் சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் கூடுகிறார்கள். பிள்ளைகள் மணலிலே எழுத்துப் பழகுகிறார்கள், தாய்மார் பேசிக்கொள்கிறார்கள். எந்த டாக்டர் எந்த நாளில் வருகிறார், எந்த டீச்சர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார் என்று ஒருவர் அறிந்தது ஐவருக்கும் தெரிந்துவிடுகிறது. ‘என் வீட்டிலே மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம் போனதே பெரிய வைத்தியம் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். விளக்கையும் மண்டபத்தையும் திறந்துவிட்டது மட்டும்தான் கோயில் செய்த செலவு. திருவிழாவிலே இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் கொடுக்கட்டும், செருப்பு அடுக்கட்டும், மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும். ஊர் பார்க்கட்டும்.

6. சங்கக் கிளைகள்: கிளைக் கூட்டத்தில் ஒரு தடவை இதைப் பேசுங்கள். தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு உதவி தேவை என்று பெயரை வெளியே சொல்லாமல் கணக்கெடுங்கள். ஆஸ்பத்திரி நாளுக்குத் தோட்ட வண்டி தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒரு தாய் தனியாகக் கேட்டால் அது கெஞ்சல். கிளை கேட்டால் கோரிக்கை.

அரசாங்கத்தில் கிடைப்பவை

முதல் படி, கிளினிக் கேசிஹாத்தான். அங்குள்ள மருத்துவ அதிகாரி பார்த்து, தேவையானால் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டரிடம் அனுப்புவார். பள்ளி ஆசிரியர் பிள்ளையைப் பற்றி எழுதித் தரும் குறிப்பையும் நோட்டுப் புத்தகங்களையும் கொண்டுபோங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

இரண்டாவது படி, ஓ.கே.யு. கார்டு. டாக்டர் உறுதிசெய்து பாரத்தில் எழுதிய பிறகு, ஜே.கே.எம். என்னும் சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். 2008ஆம் ஆண்டின் ஓ.கே.யு. சட்டப்படி நடக்கும் பதிவு இது. விருப்பப்பட்டால் எடுக்கலாம், கட்டாயமில்லை. டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் எல்லாம் கற்றல் சிக்கல் என்ற பிரிவில் சேரும். அடையாள அட்டையில் இதை அச்சடிப்பதில்லை. அது தனிக் கார்டு. தேவையான இடத்தில் காட்டினால் போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் கட்டணமும் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணமும் இந்தக் கார்டுக்கு விலக்கு.

மூன்றாவது படி, பள்ளி. 2003 முதல் ஆரம்பக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். சிறப்புத் தேவை உள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையும் 2019இல் வந்துவிட்டது. சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு ‘பெண்டிடிக்கான் காஸ் இந்தெக்ராசி’. சில தமிழ்ப் பள்ளிகளிலும் இது உண்டு, எல்லாப் பள்ளியிலும் இல்லை. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள். சிறப்புக் கல்வி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை தருகிறது. சிக்கல் லேசாக இருக்கும் பிள்ளை சாதாரண வகுப்பிலேயே மற்றவர்களோடு படிக்கலாம். எது பொருத்தம் என்று ஆசிரியரோடும் டாக்டரோடும் பேசி முடிவு செய்யுங்கள்.

நான்காவது, பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையம். 1978இல் அல்மா-அட்டா என்ற ஊரில் நடந்த உலக சுகாதார மாநாடு, சுகாதாரம் மக்களின் வாசலுக்கே வர வேண்டும் என்றது. அந்த வழியிலே 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் முதல் பி.டி.கே. சோதனை முறையில் தொடங்கியது. இன்று நாடு முழுதும் 500க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. இவற்றை நடத்துவது அந்தந்த வட்டார மக்களின் செயற்குழு. சமூக நல இலாகா பணமும் ஆளும் தந்து உதவுகிறது. பேச்சு, கை வேலை, தானே குளித்து உடுத்துவது முதல் தொழிற்பழக்கம் வரை அங்கே சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலான மையங்கள் கம்பத்திலோ தாமானிலோ இருப்பதால் நம்மவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அது எல்லா இனத்தாருக்கும் உரியது. செயற்குழுவிலும் நம்மவர்கள் சேர வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இத்தனைக்கும் அடிப்படை பிறப்புப் பத்திரம். அது இல்லாத பிள்ளைக்கு எந்த வாசலும் சுலபமாகத் திறக்காது. பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றே கிளைச் செயலாளரைப் பார்க்கவும்.

வீட்டிலே தினமும் கால் மணி நேரம்

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தார்கள். இன்றும் விஜயதசமியன்று அரிசியிலே ‘அ’ எழுத வைக்கிறோம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இன்றைய சிறப்பு ஆசிரியர்கள் சொல்லும் முறையும் இதுதான். கண்ணால் பார்க்க வேண்டும், வாயால் ஒலிக்க வேண்டும், விரலால் தடவ வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒரு தட்டும் கொஞ்சம் மணலும் போதும்.

ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. முந்திய நாள் எழுத்து மனத்தில் நின்ற பிறகே அடுத்தது. ‘ல’வையும் ‘ள’வையும் ஒரே நாளில் சொல்லித் தராதீர்கள். கால் மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். பிள்ளையால் படிக்க முடியாத கதையை நீங்கள் படித்துக் காட்டுங்கள், அறிவு காது வழியாகப் போகட்டும். உங்களுக்கே படிக்க வராவிட்டால் வெட்கம் வேண்டாம், அக்காவோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ படிக்கட்டும். கணக்கிலோ பந்து விளையாட்டிலோ கோலம் போடுவதிலோ பிள்ளைக்குத் திறமை இருந்தால் நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். தம்பியோடு ஒப்பிட்டுப் பேசவே பேசாதீர்கள்.

துடிப்பான பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். ‘குளி, சாப்பிடு, பையை எடு’ என்று மூன்றை ஒன்றாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது.

எங்களுக்குப் பிறகு யார்?

சிக்கல் அதிகமுள்ள பிள்ளையின் பெற்றோர் இரவிலே தூங்காமல் யோசிக்கும் கேள்வி இது. வேலை ஓய்ந்தால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும் என்கிறபோது பயம் இரட்டிப்பாகிறது. பிள்ளைக்குத் தானே குளிக்க, சமைக்க, காசு எண்ண, ஒரு கைத்தொழில் செய்ய இப்போதே பழக்குங்கள். செய்து கொடுப்பதைவிடச் செய்யப் பழக்குவதுதான் பெரிய சொத்து. பெர்கேசோவில் சந்தா கட்டியவர் இறந்தால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் சாதாரணமாக 21 வயதோடு நிற்கும். உடல் குறையாலோ மனவளர்ச்சிக் குறையாலோ தானே சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அது அதோடு நின்றுவிடுவதில்லை. ஓ.கே.யு. பதிவும் டாக்டர் சான்றும் கையில் இருந்தால் அன்றைக்கு அலைய வேண்டியதில்லை. பெட்டியில் பூட்டிய பாரத்தை இதற்காகவாவது வெளியே எடுங்கள்.

தோழர்களே! எட்டு மணி நேர வேலைக்கும் மாதச் சம்பளத்துக்கும் நாம் ஒன்றாக நின்றோம். தனித்தனியாக நின்றிருந்தால் கிடைத்திருக்குமா? இந்தப் பிள்ளைகளின் காரியமும் அப்படித்தான். ஒரு வீட்டின் பாரமாக இருக்கும்வரை அது நசுக்கும். லயமே கை கொடுத்தால் தூக்கிவிடலாம். இன்றே ஒன்று செய்யுங்கள். ‘மக்கு’ என்ற சொல்லை உங்கள் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு பக்கத்து வீட்டுத் தாயிடம் போய், ‘அக்கா, ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறீங்க? நான் பிள்ளைகளைப் பார்த்துக்கிறேன்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி உள்ளவர்கள் எந்தத் தோட்டத்திலும் உங்கள் ஆஸ்பத்திரி உதவியாளரைக் கேட்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாலும் சரி.

அடுத்த இதழில்: முதுகுவலியும் குலை தூக்கும் முறையும்.